கல்யாணப் பத்திரிகையில் செய்த காப்பு

தம்பி,

நீ கையெழுத்துப் போடச் சொல்லி வைத்துவிட்டுப் போன கோர்ட் அபிடவிட் டிவி ஸ்டாண்டின் மேல் அப்படியே கிடக்கிறது. காற்றில் பறக்காமல் இருக்க உன் அம்மா அதன்மேல் ரிமோட்டை வைத்திருக்கிறாள். ரிமோட்டை எடுத்தால் அந்தத் தாளைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதால் மூன்று நாளாக நான் டிவியே போடவில்லை. "மேற்படி கவிதா என்பவர் எந்தவிதக் காரணமும் இன்றிக் குழந்தை மிதுனாவைத் தந்தையைப் பார்க்க அனுப்ப மறுத்து வருகிறார் என்பது எனக்கு நேரடியாகத் தெரியும்" என்று உன் வக்கீல் எழுதியிருக்கிறார். முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்தவன் நான். டிரிப் ஷீட், மெமோவுக்குப் பதில், லீவ் லெட்டர் என்று எத்தனையோ தாளில் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதில் பேனா இறங்க மாட்டேன் என்கிறது. காரணம் இல்லாமல் அவள் மறுக்கவில்லை, தம்பி. காரணம் இருக்கிறது. அது நான்தான்.

போனில் சொல்லலாம் என்று நேற்று முழுக்கப் பார்த்தேன். நீ ஷிப்ட் இடைவேளையில் எடுத்து, "சொல்லுப்பா, சீக்கிரம்" என்பாய். நானோ போனில் பேசினாலே பஸ்ஸில் கடைசி சீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்துகிறவன். பக்கத்து வீட்டுக்குக் கூடக் கேட்டுவிடும், உனக்கு மட்டும் புரியாது. அதனால் எழுதுகிறேன். நாளைக்குக் கூரியரில் போட்டால் சனிக்கிழமைக்குள் உன் கையில் இருக்கும். படித்துவிட்டு ஒளித்து வைக்காதே. உன் வக்கீலிடம் காட்டு, கவிதாவிடமும் காட்டு. இனி யாரிடமும் மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

நீயும் கவிதாவும் பிரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் ஓசூரில் வேலைக்குப் போய்க்கொண்டு பிள்ளையை வைத்திருக்கிறாள், நீ சென்னையில் இருக்கிறாய், இருவரும் பேசிக்கொள்வதில்லை. நீ அவள் நம்பரையே தடுத்து வைத்துவிட்டாய். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தபடி, இரண்டாம் சனிக்கிழமையும் பண்டிகை லீவிலும் பிள்ளை மாரண்டஹள்ளிக்கு, நம் வீட்டுக்கு வரும். நீயும் வந்து பார்த்துக்கொள்வாய். நான்தான் ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அழைத்து வருவேன், கொண்டுபோய் விடுவேன். அங்கேயிருந்து இங்கே ஒரு சேதி, இங்கேயிருந்து அங்கே ஒரு சேதி, எல்லாம் என் வாய் வழியாகத்தான். ரிட்டயர் ஆன பிறகும் எனக்கு அதே ரூட், அதே வேலை என்று உன் அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பேன். உண்மையில் அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. நான் இல்லாவிட்டால் இந்தக் குடும்பம் ஓடாது என்ற பெருமை. அதை முதலில் ஒத்துக்கொள்கிறேன்.

இந்த வருஷம் போகியன்று காலையில் உன் அம்மா லாஃப்டைக் காலி செய்தாள். உடைந்த மிக்ஸி ஜார், கட்டியாகிப்போன இலவம்பஞ்சுத் தலையணை, மூன்று வருஷத்து மாதக் காலண்டர் எல்லாம் இறங்கிய பிறகு கடைசியாக ஒரு பிளாஸ்டிக் கவர் வந்தது. உள்ளே உன் கல்யாணப் பத்திரிகைகள், நூல் போட்டுக் கட்டியபடி. மூலையில் தடவிய மஞ்சள்கூட அப்படியே இருந்தது. மிச்சமானது என் கைங்கரியம். உனக்கு நினைவிருக்கும், தேவைக்கு இரண்டு மடங்கு அடிக்க வேண்டும் என்று நான் அச்சாபீசில் பிடிவாதம் பிடித்தேன். தருமபுரியிலிருந்து ஓசூர் வரை என் வண்டியில் ஏறி இறங்கிய யாரும் "எங்களுக்குப் பத்திரிகை வைக்கலையே" என்று சொல்லிவிடக் கூடாது என்பது என் எண்ணம். நீ தலையில் அடித்துக்கொண்டாய். கவிதாதான் அன்றைக்கு, "மாமா ஆசைப்படறாரு, அடிச்சிட்டுப் போகட்டும் வுடுங்க" என்று உன்னை அடக்கினாள்.

உன் அம்மா அந்தக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏணிமேலேயே நின்றாள். "ஏங்க, இத என்ன பண்றது? போகில போட முடியுமா? பெத்த புள்ள கல்யாணப் பத்திரிகைங்க. வெச்சிருந்தா பாக்கறப்பல்லாம் வயிறு எரியுது" என்றாள். கல்யாணப் பத்திரிகையைக் கிழிப்பதில்லை, எரிப்பதில்லை என்று நம் பக்கம் ஒரு வழக்கம். யாரோ ஊர்க்காரர் வீட்டுப் பத்திரிகையையே பீரோவுக்குப் பின்னால் செருகி வைப்பவர்கள் நாம். "கீழ வையி, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு நான் ஓசூர் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

மிதுனா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே ஸ்கூல் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். லீவுக்குக் கொடுத்த வீட்டுப்பாடம். "பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட் தாத்தா. பொங்கலுக்கு ஒரு கீப்சேக் பண்ணிட்டுப் போகணும். கடைல வாங்கக் கூடாது. வூட்ல வேணாம்னு கெடக்கறதுலதான் பண்ணணும். வாங்கிட்டு வந்தா மிஸ் கண்டுபிடிச்சிருவாங்களாம்" என்றாள். கீப்சேக் என்றால் என்ன என்று கேட்டேன். "அதுகூடத் தெரியாதா? எப்பவும் பத்திரமா வெச்சிக்கறது" என்றாள். ராயக்கோட்டை தாண்டுகிற வரைக்கும் பழைய பாட்டிலில் பூச்சாடி, தேங்காய்ச் சிரட்டையில் ஆமை என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும், "அது போன வருஷமே ரித்விக் பண்ணிட்டான்" என்றாள். எட்டு வயதுக்கு அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு ரோஷம். அது உன்னிடமிருந்து வந்தது.

நாங்கள் வந்து சேர்ந்தபோது உன் அம்மா நிலைப்படியில் காப்புக் கட்டிக்கொண்டிருந்தாள். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து அவள் கட்டுவதைப் பிள்ளை கீழே நின்று கவனித்துக்கொண்டிருந்தது. "ஆயா, இது காஞ்சிடும்ல?" என்று கேட்டது. "நாலு நாள்ல காஞ்சிடும் கண்ணு, அப்பறம் அடுத்த வருசம்தான்" என்றாள் உன் அம்மா. மிதுனா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "தாத்தா, காயாத காப்பு செய்யலாம். பேப்பர்ல. எங்க வூட்டு வாசல்ல கட்டினா வருசம் பூரா இருக்கும். அங்க யாரும் காப்பே கட்ட மாட்டாங்க" என்றாள். யோசனை முழுக்க அவளுடையது, தம்பி. இதைக் கோர்ட்டில் கேட்டாலும் சொல்வேன். அந்தப் பிள்ளை மேல் ஒரு தப்பும் இல்லை.

என் விரலுக்குத் தெரிந்த ஒரே கைவேலை டிக்கெட் கிழிப்பது. அதனால் அவள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். பழைய தலையணையைப் பிரித்துப் பஞ்சை எடுத்து, விளக்கமாற்று ஈர்க்குச்சியில் பசை தடவி உருட்டினோம். அச்சு அசல் பூளைப்பூ. வேப்பிலைக்கு உன் பழைய காலேஜ் ரெக்கார்ட் நோட்டின் பச்சை அட்டை. ஆவாரம்பூவுக்குத்தான் மஞ்சள் தாள் வேண்டியிருந்தது. அவள் வீட்டைச் சுற்றி வந்தாள். மூலையில் கிடந்த பத்திரிகைக் கட்டைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது வேஸ்ட்டா?" என்று கேட்டாள். மேலட்டை பளிச்சென்ற மஞ்சள், ஓரத்தில் தங்கக் கோடு. "வேஸ்ட் இல்ல சாமி. மிச்சம்" என்றேன். "அப்ப எடுத்துக்கலாமா?" "எடுத்துக்க."

சமையலறையிலிருந்து உன் அம்மா பார்த்துவிட்டாள். "அதைப் போயி வெட்டறீங்களே, உங்களுக்கு என்ன கிறுக்கா? பத்திரிகைய வெட்டக் கூடாதுங்க" என்று ஓடி வந்தாள். "கிழிக்கலயே, பூதான் செய்யறோம். எரிக்கவும் முடியாது, வெச்சிக்கவும் முடியாதுன்ன. இது ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி" என்றேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கு என்னை நாற்பது வருஷமாகத் தெரியும். "காலண்டர் கெடக்குதே, அதுல மஞ்சத் தாளே இல்லையா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

காலண்டரில் மஞ்சள் தாள் இருந்தது, தம்பி. மூன்று வருஷத்துக் காலண்டரில் எத்தனை மஞ்சள் வேண்டுமானாலும் இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

பூவெல்லாம் வெட்டி முடித்த பிறகு உள்தாள் மிஞ்சியது. மிதுனா இங்கிலீஷ் மீடியம் பிள்ளை, தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கும். விரலை வைத்து வைத்து உன் பெயரைப் படித்தாள். பிறகு கவிதாவின் பெயரைப் படித்தாள். "இது அம்மா அப்பா கல்யாணமா தாத்தா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உங்கள் இருவர் பெயரையும் கோணல்மாணல் இல்லாமல், நாக்கைக் கடித்துக்கொண்டு, வெட்டி எடுத்தாள். ஒரு பொங்கல் பானை வெட்டி அதன் மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதைத் தடுக்க எனக்கு ஒரு வார்த்தை போதும். "பேரு வேணாம் சாமி, கரும்பு ஒட்டலாம்" என்றால் கேட்டிருப்பாள். நான் பசை டப்பாவை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். ஒட்டிவிட்டு, இரண்டு பெயருக்கும் நடுவில் பென்சிலால் தன் பெயரையும் எழுதிக்கொண்டாள். பானையைக் காப்போடு சேர்த்துக் கட்டிவிட்டு, தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"தாத்தா, காப்புக் கட்டினா என்ன ஆகும்?"

"வூட்டுக்குக் கெட்டது ஒண்ணும் வராது. நல்லது வரும்."

"அப்பா வருவாரா? எங்க வூட்டுக்கு?"

"வருவாரு சாமி. நீ நம்பிக் கட்டு. வருவாரு."

அவ்வளவுதான் நான் சொன்னது. எழுதிப் பார்த்தால் ஒரு வரிகூட வரவில்லை. மாட்டுப்பொங்கலன்று நீ வந்தபோது, "அப்பாகிட்ட சொல்லாதீங்க, சர்ப்ரைஸ்" என்று என் வாயைப் பொத்தினாள். அன்று முழுவதும் அவள் உன் தோளைவிட்டு இறங்கவே இல்லையே, ஏன் இன்றைக்கு இவ்வளவு கொஞ்சல் என்று நீ கேட்டாய். எனக்குக் காரணம் தெரியும். நான் மாட்டுக் கொம்புக்குப் பெயின்ட் அடிக்கிற சாக்கில் பக்கத்து வீட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்பாய். நானும் கேட்டுப் பார்த்தேன். தாள் கெட்டியாக இருந்தது, மஞ்சள் பளிச்சென்று இருந்தது என்றெல்லாம் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உண்மை அது இல்லை. அந்தக் காப்பு கவிதா வீட்டு வாசலில் தொங்க வேண்டும், வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் அந்த இரண்டு பெயரையும் பார்க்க வேண்டும், பார்த்துப் பார்த்து மனம் இளக வேண்டும் என்று எனக்கு உள்ளே ஒரு கணக்கு. நேரில் போய்ச் சொல்ல தைரியம் இல்லை. பெரியவர்கள் கூடிய அன்று நான் பேசிய பேச்சு உனக்குத் தெரியும். "பொம்பளப் புள்ள கொஞ்சம் அனுசரிச்சிப் போகணும்" என்று நான் சொன்ன பிறகுதான் அவள் எழுந்து போனாள். அதனால் எட்டு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்பினேன். இதைவிடக் கேவலமாக எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இந்த இடத்தில் உன்னிடம் கேட்க வேண்டிய பழைய மன்னிப்பு ஒன்றும் இருக்கிறது. நீ நாலாவது படித்த வருஷம், பொங்கலுக்கு எனக்கு ஸ்பெஷல் பஸ் டியூட்டி. போகியன்று போனவன் காணும் பொங்கல் அன்றுதான் வீட்டுக்கு வந்தேன். சோப்பு டப்பா அட்டையையும் சிகரெட் பெட்டி ஜிகினாத் தாளையும் வைத்து எனக்கு ஒரு பொங்கல் வாழ்த்து செய்து வைத்திருந்தாய். கரும்பு வரைந்து, பக்கத்தில் ஒரு பஸ், பஸ்ஸின் படியில் தொப்பையோடு நான். நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் வண்டியில் மூன்றாவது சீட்டு ஜன்னல் கடகடவென்று ஆடி, ஒரு பாட்டியம்மா திட்டிக்கொண்டே வந்தாள். கைக்கு வந்ததை எடுத்து இரண்டாக மடித்துச் சந்தில் செருகினேன். சத்தம் நின்றது. ஒரு வாரம் கழித்து நீயும் அம்மாவும் பாலக்கோடு போக என் வண்டியில் ஏறினீர்கள். நீ அந்த சீட்டில்தான் உட்கார்ந்தாய். ஜிகினா வெளியே தெரிந்தது. நீ பார்த்ததை நான் பார்த்தேன். அடுத்த ஸ்டாப்புக்கு விசில் அடித்தேன்.

பிள்ளைகள் கையால் செய்து கொடுப்பதை வாங்கத் தெரியாத ஆள் நான். அப்போது ஒன்றுமில்லை என்று நினைத்து ஜன்னலில் செருகினேன். இப்போது எல்லாமே அதில்தான் இருக்கிறது என்று நினைத்து, தூக்க முடியாத பாரத்தை அதன் மேல் ஏற்றிவிட்டேன். உன் மகள் உனக்கு ஏதாவது செய்து கொடுத்தால் அழகாக இருக்கிறது என்று சொல், எங்கே மாட்டலாம் என்று அவளிடமே கேள், அங்கே மாட்டு. அதற்கு மேல் அதை வைத்து எதையும் சாதிக்கப் பார்க்காதே. புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லைதான். ஆனாலும் பட்டவன் சொல்கிறேன்.

ஸ்கூல் திறந்து பத்து நாளில் கவிதாவிடமிருந்து போன் வந்தது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தி, விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் செய்ததை எழுந்து நின்று விளக்கச் சொல்லியிருக்கிறார்கள். மிதுனா எழுந்து, "இது காயாத காப்பு. எங்க அம்மா அப்பா கல்யாணப் பத்திரிகைல செஞ்சது. இதைக் கட்டினா எங்கப்பா எங்க வூட்டுக்கு வந்துருவாரு, தாத்தா சொன்னாரு" என்று சொல்லியிருக்கிறாள். மிஸ் கவிதாவைக் கூப்பிட்டு அனுப்பி, வீட்டில் என்ன பிரச்சினை என்று விசாரித்திருக்கிறார். கவிதா அங்கே யாரிடமும் எதையும் சொன்னதில்லை. "அதுகூடப் போகட்டும்ங்க மாமா" என்றாள். "தெனமும் சாயந்திரம் ஸ்கூல் விட்டு வந்ததும் வாசக் கேட்டுக்கிட்ட போயி நிக்கறா. ஏன்டின்னா, அப்பா வர நேரம்ங்கறா. சாப்பிட உள்ள கூப்பிட்டா, நான் போனப்ப வந்துட்டா என்ன பண்றதுன்னு கேக்கறா. நான் என்னன்னு சொல்றது? சொல்லுங்க."

பிறகு அவளே சொன்னாள். தம்பி, இனி எழுதப் போவதுதான் இந்தக் கடிதமே. இதற்காகத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

"அவரு பாக்க வேணாம்னு நான் சொல்லலைங்க. ஞாயித்துக்கெழம ஓசூருக்கு வரட்டும். கூட்டிட்டுப் போயி பார்க்ல வெளையாட வுடட்டும், ஓட்டல்ல வாங்கிக் குடுக்கட்டும், சாயந்திரம் கொண்டாந்து வுடட்டும். வாராவாரம் வந்தாலும் சரிதான். அவருகிட்ட சொல்லிடுங்க. ஆனா உங்க வூட்டுக்கு இனி அனுப்ப மாட்டன். அவள நீங்க பாக்க வேணாம். தப்பா நெனச்சிக்காதீங்க மாமா."

இதை அவள் சொன்னது ஜனவரி கடைசியில். அன்று சாயந்திரம் நீ போன் செய்து, வருகிற இரண்டாம் சனிக்கிழமைக்குப் பிள்ளையை எத்தனை மணிக்கு அழைத்து வருகிறாய் என்று கேட்டாய். "அனுப்ப மாட்டேங்கறா" என்றேன். ஏன் என்றாய். "தெரியலப்பா, திமிரு" என்றேன். பிப்ரவரியில் எதற்கும் இருக்கட்டும் என்று சென்னையிலிருந்து ராத்திரி பஸ் ஏறி வந்து, வெறும் கையோடு திரும்பினாய். மார்ச்சில் மறுபடி வந்தாய், அவளுக்கு வாங்கிய பாவாடை சட்டையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அபிடவிட்டை வைத்துவிட்டுப் போனாய். இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் நீ ஓசூருக்குப் போயிருக்கலாம். மிதுனா வாசல் கேட்டருகே நின்றபோது நீ உண்மையாகவே போய் நின்றிருக்கலாம். நான்தான் விடவில்லை.

இரண்டு மாதத்தில் கவிதாவின் கோபம் தணிந்துவிடும், பழையபடி நான் பஸ் ஸ்டாண்டில் போய் நின்று பிள்ளையை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீ ஓசூரிலேயே பார்க்க ஆரம்பித்துவிட்டால் அப்புறம் மாரண்டஹள்ளி எதற்கு, நான் எதற்கு? அதுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பேத்தியை விட்டுக்கொடுக்க மனசு வராமல், மகனிடமிருந்து அவன் மகளைப் பிரித்து வைத்தேன்.

உன்னிடம் சொல்லாமல் நான் ஒருநாள் ஓசூர் போனேன். பிள்ளை டியூஷன் போயிருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் போனேன். கவிதா உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். மரியாதையில் ஒரு குறை வைக்கவில்லை. கம்பிக் கேட்டில் அந்தக் காப்பு தொங்கிக்கொண்டிருந்தது. பஞ்சு மட்டும் தூசி பட்டுக் கறுத்திருந்தது, மற்றபடி காயவில்லை, வாடவில்லை. "கழட்டினா அழுவறா. வுட்டா காத்துக்கிட்டு நிக்கறா. நீங்களே சொல்லுங்க மாமா, என்ன பண்ணட்டும்?" என்றாள். "நானே கழட்டிடறன்மா, தாத்தா எடுத்துட்டுப் போயிட்டாருன்னு சொல்லிடு, திட்டு எனக்கு வரட்டும்" என்று எழுந்து போனேன். கையை வைத்தேன். முடிச்சு மிதுனா போட்ட முடிச்சு, நாலைந்து சுற்றுச் சுற்றிச் சிக்காக்கி வைத்திருந்தாள். என்னால் முடியவில்லை. கவிதா கத்தரிக்கோல் கொண்டுவந்து நீட்டினாள். அப்போதும் முடியவில்லை. "டியூஷன் வுடற நேரமாச்சிங்க மாமா" என்றாள். நான் கிளம்பி வந்துவிட்டேன்.

இன்றைக்கு மத்தியானம் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நீ வாங்கி வந்த பாவாடை சட்டையை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு, "இந்நேரம் வளந்திருப்பா, பத்தாது" என்றாள். பிறகு, "அவனுக்கு எழுதுங்க. இல்லன்னா நான் போன் போட்டுச் சொல்லிடுவன்" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். சோறு மட்டும் போட்டாள்.

அதனால் அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். திங்கட்கிழமை கோர்ட்டில் வக்கீல் என்ன செய்வார், இது உனக்குப் பாதகமாகப் போகுமா என்று எனக்குத் தெரியாது. கோபத்தில் நீ என்னோடு பேசாமல் போனால் அதற்கும் நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கவிதாவின் நம்பரைத் திறந்துவிடு. நீயே பேசு. இனி உங்கள் நடுவில் நானோ வேறு பெரியவர்களோ யாரும் வேண்டாம். சமாதானம் பேசுகிறேன் என்று யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடு. நீங்கள் சேர்ந்தாலும் சரி, சேராவிட்டாலும் சரி, அது உங்கள் வாயிலிருந்து வந்ததாக இருக்கட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே ஓசூர் போ. சனிக்கிழமை ராத்திரி கிளம்பினால் விடிவதற்குள் போய்விடலாம். கேட்டில் தொங்குவதை நீ கழற்ற வேண்டாம். மிதுனாவே கழற்றும்போது கழற்றட்டும். ஆனால் ஒன்று மட்டும் நீ அவளிடம் சொல்ல வேண்டும். நீ வந்தது அவளைப் பார்ப்பதற்காக, சாயந்திரம் திரும்பிப் போய்விடுவாய், அடுத்த ஞாயிறு மறுபடி வருவாய் என்று. அங்கேயே இருக்க வரவில்லை என்று. அப்போது அவள், "தாத்தா சொன்னாரே" என்பாள். தாத்தா சொன்னது பொய் என்று சொல். தப்பாகச் சொல்லிவிட்டார், மறந்து சொல்லிவிட்டார் என்றெல்லாம் எனக்காகப் பூசி மெழுகாதே. பொய் சொன்னார் என்றே சொல். அதைச் சொல்ல வேண்டியவன் நான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியாது, உன்னைத்தான் கேட்கிறேன்.

பஸ் தருமபுரி, ராயக்கோட்டை வழியாக வந்தால் மாரண்டஹள்ளியில் நின்றுதான் போகும். கிருஷ்ணகிரி வழியாக நேராகப் போய்விடு. வருகிறாயா என்று என்னைக் கூப்பிடாதே, தம்பி. கூப்பிட்டால் வந்துவிடுவேன்.

அப்பா